தொட்டிச் செடிக்கு எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் முதல் பஞ்சகவ்யம் வரை ஓர் ஒப்பீடு

சென்னை அடுக்ககம் ஒன்றில் மாடித்தோட்டம் போட்டவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஏழெட்டு விதத் தண்ணீர் இருக்கிறது. குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர், ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் சாக்கடைக்கு அனுப்பும் கழிவுநீர். பால்கனியில் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டுவது. அரிசி களைந்த கழுநீர், துணி துவைத்த நீர். ஐப்பசி, கார்த்திகையில் மழை. இவை போதாதென்று சாணமும் கோமியமும் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீனும் வெல்லமும் ஊறிய மீன் அமிலம், தேங்காய்ப்பாலும் மோரும் புளித்த தேமோர் கரைசல் என்று புட்டிகள் ஒரு வரிசை. தோட்டக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் இங்கேதான் வந்து நிற்கிறது: இவற்றில் எதை ஊற்றினால் செடி நன்றாக வரும்?

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செடியின் தாகத்துக்கு எது, பசிக்கு எது என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தினமும் ஒரு லிட்டர் ஊற்றுகிற நீர் வேறு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குவளை ஊற்றுகிற கரைசல் வேறு. பின்னதைச் சத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். முன்னதை உப்புப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நடைமுறையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கழுநீரில் என்னென்ன வைட்டமின் இருக்கிறது என்று மணிக்கணக்கில் விவாதிக்கிற வீட்டில், போர் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

முதலில் உப்புக் கணக்கு

தரையில் நிற்கும் தென்னைக்கும் மாமரத்துக்கும் ஆண்டுக்கொரு மழைக்காலம் வந்து வேர்ப்பகுதியின் உப்பைக் கீழே இறக்கிவிடும். பத்துப் பதினைந்து லிட்டர் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை நிரம்பிய பைக்கு அவ்வளவு இடம் கிடையாது. செடி நீரை உறிஞ்சி இலை வழியாக ஆவியாக்குகிறது; நீரோடு வந்த உப்பில் பெரும்பகுதியை வேரருகிலேயே விட்டுவிடுகிறது. லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால், மாதத்துக்கு 36 கிராம். இது சமையல் உப்பு மட்டும் அல்ல; சோடியம், கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்த கணக்கு. தரையெல்லாம் ஈரமாகிறதே என்று அடியில் ஒரு சொட்டும் வழியவிடாமல் அளந்து ஊற்றுகிற சிக்கனக்காரர் வீட்டில், அந்த 36 கிராமும் பைக்குள்ளேயே குடியிருக்கும். மூன்று மாதத்தில் நூறு கிராமைத் தாண்டும்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. பையின் உட்புறத்தில், மண் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே, வெள்ளையாக ஒரு வளையம் பூத்திருக்கும்; நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். மிளகாய் இலையின் நுனி முதலில் காயும். பிறகு ஓரம் முழுக்கக் காபி நிறத்தில் கருகி, நடுப்பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். பார்ப்பவர் "வெயில் தாங்கவில்லை, பாவம்" என்று அதே தண்ணீரை இன்னொரு சொம்பு ஊற்றுவார்.

எவ்வளவு உப்பு அதிகம் என்பது செடிக்குச் செடி மாறும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசனநீர் வழிகாட்டுதலில் உள்ள எல்லைகளை மில்லிகிராமுக்கு மாற்றிச் சொன்னால், பீன்ஸ் லிட்டருக்கு ஏறத்தாழ 450, முள்ளங்கி 500, மிளகாய் 650, தக்காளி 1,100, பீட்ரூட் 1,700 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். அதற்கு மேலே போகப் போகக் காய்ப்புக் குறையும். இந்த எண்களும் ஊற்றுகிற நீரில் ஒரு பகுதி அடியில் வழிந்து வெளியேறும் என்ற நிபந்தனையோடு வந்தவை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. மனிதன் தாக்குப்பிடிக்கிற நீரில் பீன்ஸ் கொடி வாடிவிடும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், பேனா அளவில், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உரம், கரைசல், பூச்சிவிரட்டி எதை வாங்குவதற்கு முன்னாலும் இதை வாங்கிவிடுங்கள் என்பேன். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அது உப்பை எடைபோடுவதில்லை. நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சர்க்கரைக் கரைசலில் அமிழ்த்தினால் அது ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆகவே குழாய் நீர், கழிவுநீர், ஏ.சி. நீர் ஆகியவற்றுக்குத்தான் அது நம்பகமான சாட்சி. கழுநீரின் மாவையும் கரைசல்களின் வெல்லத்தையும் அது பார்க்காது.

மெட்ரோவும் போரும்

ஏரிகளிலிருந்தும், நெம்மேலி போன்ற கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்தும் வரும் மெட்ரோ தண்ணீர் பொதுவாகச் செடிக்கு நல்ல தண்ணீர். அதைக் குடிக்க வைத்துக்கொண்டு செடிக்குப் போரைத் திருப்பிவிடுவதே வீட்டு வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. குளோரின் பற்றிய பயத்தை மட்டும் விட்டுவிடலாம். வீட்டுக்குழாயில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில்தான். அது மண்ணில் பட்டவுடன் செலவாகிவிடும். மனம் கேட்கவில்லை என்றால் வாளியில் ஓரிரவு திறந்து வைத்தால் போதும்.

போர் தண்ணீருக்குப் பொதுத் தீர்ப்பு சொல்ல முடியாது. கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு குணம், நான்கு தெரு தள்ளி வேறொரு குணம், அதே குழாயில் மாசியில் ஒன்று, வைகாசியில் ஒன்று. உப்பு நடுத்தரமாக இருந்தாலும் பைகார்பனேட் மிகுந்த கடின நீராக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். பையின் கலவை மெல்ல மெல்லக் காரத்தன்மைக்கு நகரும். இரும்புச்சத்து அங்கேயே இருந்தும் வேருக்குக் கிடைக்காது. புதுத்தளிர் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிர்மஞ்சளாகவும் வரும். செம்பருத்தியிலும் ரோஜாவிலும் இது பளிச்சென்று தெரியும். நுண்ணூட்டம் வாங்கி ஊற்றினால் இரண்டு வாரம் பச்சை திரும்பும். தண்ணீர் மாறாதவரை மறுபடி மஞ்சள்தான்.

ஆர்.ஓ. கழிவு: விஷமும் அல்ல, வரமும் அல்ல

இந்த ஒப்பீட்டில் அதிகம் சண்டை நடப்பது இங்கேதான். ஒரு தரப்பு அதைத் தொடவே கூடாது என்கிறது. இன்னொரு தரப்பு ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் ரோஜாவுக்கு ஊற்றுகிறது. இரண்டு தரப்பும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

சாதாரண வீட்டு இயந்திரம் நான்கு லிட்டர் நீரை எடுத்து ஒரு லிட்டர் குடிநீரும் மூன்று லிட்டர் கழிவும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் நீரின் உப்பு லிட்டருக்கு 800 மில்லிகிராம். குடிநீரின் உப்பு அதில் பத்தில் ஒரு பங்காக, அதாவது 80 ஆகக் குறைந்தால், மீதி உப்பெல்லாம் மூன்று லிட்டர் கழிவில் பரவும். கழிவின் அளவு 1,040. அதாவது உள்ளே வந்த தண்ணீரைவிட முப்பது சதவீதம்தான் கூடுதல். உள்ளே வருவது 400 என்றால் கழிவு 520, தயங்காமல் ஊற்றலாம். உள்ளே வருவதே 1,500 என்றால் கழிவு 1,950. அதைத் தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்துவதே சரி. கழிவு கெட்டதா என்ற கேள்விக்கு விடை இயந்திரத்தில் இல்லை, அதற்குள் போகும் குழாயில் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குறைவாக நீரை வீணாக்கும் இயந்திரங்கள் இப்போது வந்திருக்கின்றன. சுற்றுச்சூழலுக்கு நல்லது, சந்தேகம் இல்லை. ஆனால் பாதிக்குப் பாதி குடிநீராக்கும் இயந்திரத்தில் அதே 800 உப்புள்ள நீர் போனால் கழிவு 1,520 ஆக வெளியே வரும். சிக்கன இயந்திரத்தின் கழிவு, ஊதாரி இயந்திரத்தின் கழிவைவிடச் செடிக்கு மோசம். பக்கத்து வீட்டார் வெற்றிகரமாகக் கழிவுநீரில் தக்காளி வளர்க்கிறார் என்பதை நம்பி இறங்குவதற்கு முன்னால் அவர் வீட்டு இயந்திரம் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏ.சி. நீரும் மழைநீரும்

ஏ.சி. குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து விழுந்த நீர். மீட்டரை வைத்தால் ஒற்றை இலக்கத்திலோ சற்றுக் கூடவோ காட்டும். சென்னையின் புழுக்கத்தில் இரவு முழுவதும் ஓடும் ஒரு படுக்கையறை ஏ.சி. சிறிய வாளியை நிரப்பிவிடுகிறது. "உயிரில்லாத தண்ணீர், செடி சாகும்" என்று ஒரு பேச்சு உண்டு. செடிக்கு உயிர் மண்ணிலும் எருவிலும் இருக்கிறது; தண்ணீர் தண்ணீராக இருந்தால் போதும். குழாயின் உள்ளே பாசியும் தூசியும் இருக்கும், செம்புச் சுருளிலிருந்து துளி உலோகமும் கலக்கலாம். அதனால் அதை மனிதர் குடிக்கக் கூடாது. ரசாயனம் தெளித்துச் சர்வீஸ் செய்த அன்றும் மறுநாளும் வரும் நீரைக் கொட்டிவிட வேண்டும். மற்றபடி செடிக்குப் பயம் இல்லை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. கோகோபீட் மட்டுமே நிரப்பிய பையில் ஏ.சி. நீரை மட்டுமே ஊற்றினால், கால்சியம் எங்கிருந்தும் வராது. போதாததற்கு கோகோபீட் இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காளிப் பழத்தின் அடிப்பக்கம் வட்டமாகக் கறுத்துத் தோலாகச் சுருங்குவது அதன் விளைவு. நான்கில் ஒரு பங்கு போர் தண்ணீரைக் கலந்தாலே இது பெரும்பாலும் சரியாகும். போருக்கு எதிராக இவ்வளவு சொன்ன பிறகு அதற்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வாளியை மூடி வைப்பதையும் மறக்கக் கூடாது. டெங்கு கொசு தேடுவது இப்படித் தேங்கிய தெளிந்த நீரைத்தான்.

மழைநீரை எதிர்த்து வாதாட ஆள் இல்லை. உப்பு இல்லை, லேசான அமிலத்தன்மை உண்டு, கொஞ்சம் நைட்ரஜன் உண்டு. மழை பெய்த மூன்றாம் நாள் தோட்டம் வேறாகத் தெரிவதற்கு அந்த நைட்ரஜனைக் காரணமாகச் சொல்வார்கள். அதில் உண்மை ஓரளவுதான். மாதக்கணக்கில் சேர்ந்த உப்பு அடியில் வழிந்து போனதும், இலையின் தூசி கழுவப்பட்டதும், வெயில் தணிந்ததும் பெரிய காரணங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஆனால் சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், செடிக்குத் தண்ணீரே தேவைப்படாத வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. 2003-ல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அதை நிலத்தடிக்கு அனுப்புகிறது. அது போரின் உப்பைக் குறைக்கும், செடிக்கு மறைமுக உதவி. மாடியில் இரண்டு பெரிய டிரம் வைத்தால் நேரடி உதவியும் உண்டு. முதல் மழையின் அழுக்கைக் கழித்துவிட்டு நிரப்ப வேண்டும்.

கழுநீர்

மாடு இருந்த வீடுகளில் கழுநீர்த் தொட்டி என்று ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதில் சேர்ந்து மாலையில் மாட்டுக்குப் போகும். மாடு போன பிறகு கழுநீர் கறிவேப்பிலைச் செடிக்கு இடம் மாறியது. கறிவேப்பிலைக்குக் கழுநீரும் புளித்த மோரும் ஊற்றாத வீடு அபூர்வம்.

அரிசியின் மேல்தோலிலிருந்து கரைந்த மாவு, கொஞ்சம் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம், பி வகை வைட்டமின்கள் இதில் இருக்கின்றன. வைட்டமினைப் பெரிதாகச் சொல்வதில் பொருள் இல்லை. செடி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். தாதுக்கள் நிஜம், ஆனால் சொற்பம். ஒரு கைப்பிடி மண்புழு உரத்தோடு போட்டியிட முடியாது. உப்பைப் பொறுத்தவரை அரிசியை எந்த நீரில் களைந்தீர்களோ அதுவேதான் கழுநீர். போர் தண்ணீரில் களைந்தால் போர் தண்ணீர், ஆர்.ஓ. நீரில் களைந்தால் நல்ல தண்ணீர்.

கவனிக்க வேண்டியது மாவைத்தான். களைந்த அன்றே, சம அளவு நீர் கலந்து, நீர் பாய்ச்சும் நேரத்தில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. இரண்டு நாள் பாத்திரத்தில் கிடந்தால் மேலே நுரை கட்டி, மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை வரும். அதை அப்படியே பைக்கு ஊற்றினால் மண்ணின் மேல் வெண்மையாகப் பூஞ்சை படரும். ஈரத்தை நாடிச் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் கூடும். அவற்றின் புழுக்கள் நாற்றின் இளவேரைக் கடிக்கும். மாவைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனையும் பிராணவாயுவையும் செடியோடு பங்கு கேட்கும். பெரிய மண் பாத்தியில் இது தெரியவே தெரியாது. சின்னப் பையில் தெரியும். உப்புப் போட்டு வடித்த கஞ்சி எந்தச் செடிக்கும் வேண்டாம். கழுநீரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதை நம்பித் தோட்டம் போடவும் வேண்டியதில்லை.

துணி துவைத்த நீரைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. சோப்புத்தூளின் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து மேற்பரப்பை ஓடுபோல் இறுகச் செய்யும். பைச் செடிக்கும் கீரைக்கும் கூடாது. கடைசி அலசல் நீர் தரையில் இருக்கும் வாழைக்கும் கல்வாழைக்கும் போகலாம்.

பால், டீ, கோலா, இளநீர் ஆகியவை பள்ளி அறிவியல் கண்காட்சியில்தான் அதிகம் வாழ்கின்றன. பாலை வேருக்கு ஊற்றினால் நாற்றமும் எறும்பும்தான் மிச்சம். இலைக்குத் தெளித்தால் கதை வேறு: பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் 1999-ல் சுக்கினிப் பூசணியின் சாம்பல் நோயை நீர் கலந்த பசும்பால் கட்டுப்படுத்துவதைக் காட்டினார். கோலாவில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. அந்த அடர்த்திக்கு எதிராக வேரால் நீரை இழுக்க முடியாது, ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். இளநீரில் செல்களைப் பிரியத் தூண்டும் பொருள் இருப்பது 1941-ல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தைக் கருவை வளர்த்த சோதனையிலிருந்து தாவர ஆய்வகங்களுக்குத் தெரியும். தேங்காய் உடைத்த நீரை ரோஜாவுக்கு ஊற்றும் வழக்கத்துக்கு அந்த அளவில் ஓர் ஆதாரம் இருக்கிறது. இன்றைய விலைக்கு இளநீர் வாங்கி ஊற்றுகிறவர் முதலில் தான் ஒரு வாய் குடிக்கட்டும்.

கரைசல்கள்: அளவுதான் பேச்சு

கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யம், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தம், மீன் அமிலம், தேமோர் கரைசல் எல்லாம் பசிக்கான வகை. இவற்றைத் தண்ணீரோடு ஒப்பிடுவதே பிழை; எருவோடும் ஒன்றோடொன்றும்தான் ஒப்பிட வேண்டும். இவை வேலை செய்கின்றனவா என்றால், செய்கின்றன. ஆனால் மாடித்தோட்டத்தில் இவை போகும் அளவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஜீவாமிர்தத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். பத்துக் கிலோ சாணம், ஐந்து முதல் பத்து லிட்டர் கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இது ஓர் ஏக்கருக்கு. ஏக்கர் ஏறத்தாழ 4,050 சதுர மீட்டர்; அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லி. ஓர் அடி அகலமுள்ள பையின் வாய்ப்பரப்புக்கு மூன்று, நான்கு மில்லி. ஒரு தேக்கரண்டிகூட இல்லை! நாம் ஊற்றுவதோ ஆளுக்கொரு குவளை. பையில் செடி நெருக்கம், எரு கொஞ்சம் கூடத் தேவைதான் என்று பத்து மடங்கு சலுகை கொடுத்தாலும் குவளை கணக்கில் வராது. பஞ்சகவ்யத்துக்கு நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி என்பது பரிந்துரை. அதுவும் இலைத் தெளிப்புக்கு. கோமியத்திலும் உப்பு மிகுதி. பத்து மடங்கு நீர் கலக்கச் சொல்வதன் காரணம் அதுவே.

மனிதச் சிறுநீரும் இந்த வரிசையில் வரும் என்று சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக்கழிப்பறை கட்டி, வந்து போவோருக்குக் காசும் கொடுத்தார்கள். நைட்ரஜன் கணக்கில் அது யூரியாவின் உறவுக்காரன்தான். அடுக்ககத்தில் குடியிருப்போர் கூட்டம் நடக்கும் மாடியில் இதைப் பரிந்துரைக்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் சோதிக்க நினைத்தால்

எந்த நீரில் செடி நன்றாக வளர்கிறது என்று தொட்டி வைத்துப் பார்க்கும் ஆசை முந்நூறு ஆண்டுக்கு மேல் பழையது. ஐந்து ஆண்டுகள் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ மட்டும் ஊற்றி வில்லோ மரம் வளர்த்த ஆய்வாளர் வான் ஹெல்மான்ட், மண்ணின் எடை ஏறக்குறைய குறையவே இல்லை, ஆகவே மரம் முழுக்க நீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அதை நம்பாத ஜான் வுட்வர்ட் லண்டனில் புதினாத் தண்டுகளை மழைநீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், தோட்ட மண் கலக்கிய நீரிலும் வைத்து எடை பார்த்தார். கலங்கிய நீரில்தான் செடி அதிகம் வளர்ந்தது. 1699-ல் அவர் இதை வெளியிட்டார். செடிக்கு நீரோடு வேறு ஏதோ வேண்டும் என்பது அதில் விளங்கியது.

இன்று அதே சோதனையைச் செய்பவர் வழுக்கும் இடமும் அதுதான். எருவே இல்லாத கோகோபீட்டில் நட்டு, ஒன்றுக்கு ஏ.சி. நீர், இன்னொன்றுக்குப் போர் என்று மூன்று வாரம் ஊற்றிப் பாருங்கள். போர் ஜெயிக்கக்கூடும்! அதில் கால்சியமும் மக்னீசியமும் இருக்கின்றன, உப்பு இன்னும் சேரவில்லை. மூன்று மாதம் ஓட்டினால் முடிவு தலைகீழாகலாம். எருவில் கொழுத்த கலவையில் நட்டாலோ கழுநீருக்கும் குழாய் நீருக்கும் வேறுபாடே தெரியாது. ஆகவே நீங்கள் எந்தக் கலவையில் வளர்க்கப் போகிறீர்களோ அதில், எவ்வளவு காலம் வளர்க்கப் போகிறீர்களோ அவ்வளவு காலம் சோதிக்க வேண்டும்.

நீர் ஒன்றுக்கு ஒரு தொட்டி என்று வைத்தால் அது சோதனை அல்ல, சீட்டுக் குலுக்கல். குறைந்தது நான்கைந்து பைகளாவது வேண்டும். வாரந்தோறும் இடம் மாற்றி வைக்க வேண்டும், கைப்பிடிச் சுவரின் நிழல் ஒரே பைமேல் விழுந்துகொண்டிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நீர். கழுநீர் ஊற்றும் பைக்குக் கூடுதலாக ஒரு குவளை போய்விட்டால் நீங்கள் சோதிப்பது கழுநீரை அல்ல, குவளையை. உயரத்தை அளப்பதை விடுங்கள். நிழலில் நின்ற செடியும் நெட்டையாகத்தான் வளரும். அரைக்கீரையோ முளைக்கீரையோ ஒரே எண்ணிக்கையில் விதைத்து, மண்மட்டத்தில் அறுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சமையலறைத் தராசில் மொத்தமாக நிறுத்துப் பாருங்கள். பைகளுக்கு எண் மட்டும் ஒட்டி, எது எந்த நீர் என்று தெரியாத ஒருவரை நிறுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. பஞ்சகவ்யத்தின்மேல் பக்தி உள்ளவர் கையில் தராசு கொஞ்சம் சாயும்.

உப்பை மட்டும் அறிய இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. பையின் அடியில் வழியும் நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து மீட்டரை வையுங்கள். ஊற்றியது 600, வழிவது 900 என்றால் கவலை இல்லை. வழிவது 3,000 என்றால் இலை கருகுவதற்கு முன்பே உங்களுக்குத் தகவல் வந்துவிட்டது.

என் தேர்வு

குழாய் நீர் 500-க்குக் கீழே இருந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. அதையே ஊற்றுங்கள், ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் கழிவு தரும் ஆர்.ஓ. என்றால் அந்தக் கழிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கழுநீரைக் கறிவேப்பிலைக்குக் கொடுங்கள். ஏ.சி. நீருக்காக வாளி தூக்க வேண்டியதுகூட இல்லை.

500-லிருந்து 1,000 வரை என்றால் ஏ.சி. நீர் பொன் மாதிரி. அதைப் போரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 900 என்பது 450 ஆகிவிடும், பீன்ஸ்கூடத் தாங்கும். எல்லாப் பைகளுக்கும் போதாது என்றால் நாற்று, பீன்ஸ், முள்ளங்கி, மிளகாய் ஆகியவற்றுக்கு மட்டும் கலந்த நீர், தக்காளிக்கும் பீட்ரூட்டுக்கும் நேரடிப் போர். ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்காவது அடியில் வழியட்டும். தரை ஈரமானால் ஆகட்டும், கீழே ஒரு தட்டு வைத்து அந்த நீரை எடுத்துக் கொட்டிவிடுங்கள். மறுபடி பைக்கே ஊற்றுகிற சிக்கனம் வேண்டாம். ஆர்.ஓ. கழிவை இந்த நிலையில் தனியாக ஊற்ற மாட்டேன்.

1,000-க்கு மேல் போனால் போரை அடிப்படை நீராக வைத்துக்கொண்டு எந்தக் கரைசலாலும் ஈடுகட்ட முடியாது. பை எண்ணிக்கையைக் குறைத்து, கிடைக்கிற ஏ.சி. நீருக்கும் மெட்ரோவுக்கும் ஏற்றபடி தோட்டத்தைச் சுருக்குவதுதான் கணக்குக்கு வரும். மழை டிரம் வைக்க இடம் இருந்தால் இங்கேதான் அதற்குச் செலவழிக்க வேண்டும். மார்கழியில் நிரப்பியதை மாசி வரை நாற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கரைசல், கோமியம் எல்லாம் இந்த நீரோடு சேர்ந்தால் உப்பின் மேல் உப்பு. அதற்குப் பதில் மட்கிய எருவை மேலே தூவினால் போதும்.

அதுவும் முடியாது, கோடையில் லாரித் தண்ணீரும் 2,000 காட்டும் போரும்தான் கதி என்றால் செடியை மாற்றுங்கள். பருப்புக்கீரை அந்தத் தண்ணீரிலும் தழைக்கும். மிளகாயை ஆவணிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.